தொட்டிலில் தொடங்கும் பேதம்

ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் பிறக்கும்போதே உடலுறுப்பால் வேறுபட்டிருக்கின்றன. இது பிரத்தியட்சம், இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதிக்கும் வயதிற்குள் அவ்விரு குழந்தைகளும் மனத்தாலும் வேறுபட்டுவிடுகின்றன. அழக்கூடாது என்று ஒன்றும், உரக்கச் சிரிக்கக்கூடாது என்று மற்றொன்றும் கற்றுக்கொள்கின்றன. கற்றுக்கொண்டதோடு நில்லாமல், அதுவே தம் பிறவிக் குணம் என்று உறுதியாக நம்பவும் தொடங்கிவிடுகின்றன. உடலின் வேற்றுமை மனத்தின் வேற்றுமையாக மாறுவது எங்ஙனம்? அது இயற்கையின் விதியா, மனிதரின் ஏற்பாடா?

பண்டிதர்கள் ஓய்வு நேரத்தில் பேசிக் களிக்கும் கேள்வியன்று இது. பெண்ணின் தாழ்வு பிறவியிலேயே அமைந்ததென்று ஒப்புக்கொண்டால், சமத்துவத்தின் பேரால் சட்டசபைகளில் நிறைவேறும் மசோதாக்கள் எல்லாம் நீர்மேல் எழுத்தாகும். மனிதரின் ஏற்பாடே காரணம் என்று ஏற்பட்டால், அந்த ஏற்பாட்டை மாற்றும் பொறுப்பு நம் தலைமேல் விழுகிறது. சென்ற நூறு வருஷங்களாக மேல்நாட்டு மனோதத்துவ சாஸ்திரிகளும், ஸ்திரீ விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த அறிஞர்களும் இதைப்பற்றி நடத்திவரும் வாதத்தை, பொது வாழ்வில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

வியன்னாவில் பிறந்த சித்தாந்தம்

வாதத்தைத் தொடங்கிவைத்தவர் வியன்னா நகரத்து வைத்தியர் ஸிக்மண்ட் பிராய்டு. குழந்தைப் பருவம் ஆசாபாசங்களற்றது என்று பெரும்பாலோர் எண்ணியிருந்த காலத்தில், 1905-ம் வருஷம் அவர் வெளியிட்ட நூல் அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. சிசுவுக்கும் ஆசை உண்டு, பொறாமை உண்டு, பயம் உண்டு. அவை மனத்தின் அடித்தளத்தில் புதைந்து கிடந்து வாழ்நாள் முழுவதும் மனிதனை ஆட்டிவைக்கின்றன என்றார். 1909-ல் அவர் பிரசுரித்த ஒரு சரித்திரம் மிகவும் பிரசித்தமானது. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், குதிரை கடித்துவிடும் என்று அஞ்சித் தெருவுக்கு வர மறுத்தான். அவனுடைய தகப்பனார் குழந்தையின் பேச்சையெல்லாம் குறித்துப் பிராய்டுக்குத் தெரிவித்துவந்தார். குதிரையின் உருவில் அச்சிறுவன் கண்டு அஞ்சியது தன் தந்தையையே என்று பிராய்டு முடிவு செய்தார்.

இத்தகைய ஆராய்ச்சிகளிலிருந்து விரிந்த சித்தாந்தத்தின் சாரம் வருமாறு: ஆண் குழந்தை தாயின்மேல் தனியாசை கொள்கிறான், தந்தையைப் போட்டியாளராகக் கருதுகிறான், அவர் தன் ஆண் உறுப்பைச் சேதித்துத் தண்டிப்பாரோ என்று நடுங்குகிறான். அந்த நடுக்கத்தால் ஆசையைக் கைவிட்டு, தந்தையைப் போலவே தானும் ஆக முயல்கிறான். தந்தையின் கட்டளைகள் அவன் உள்ளத்தில் மனச்சாட்சியாகக் குடிபுகுகின்றன. தந்தையைக் கொன்று தாயை மணந்த கிரேக்க அரசன் ஈடிப்பஸின் பெயரைப் பிராய்டு இந்த மனச்சிக்கலுக்குச் சூட்டினார்.

பெண் குழந்தையின் விஷயத்தில் அவர் சொன்னது வேறு. ஆணின் உறுப்பு தனக்கில்லை என்று கண்டு அவள் பொறாமை கொள்கிறாளாம். அக்குறைக்குத் தாயையே பொறுப்பாக்கி, தந்தையின் பக்கம் திரும்புகிறாளாம். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவளுக்கு, ஆணைத் திருத்திய அந்த நடுக்கம் இல்லை. ஆதலின் அவளுடைய மனச்சாட்சி அவ்வளவு உறுதிப்படுவதில்லை. நியாய உணர்ச்சியும் ஆணுக்குள்ளதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று 1925-ல் எழுதிய கட்டுரையில் அவர் கூறினார்.

ஒரு விஷயத்தில் பிராய்டுக்கு நியாயம் செய்யவேண்டும். ஆண்மையும் பெண்மையும் முழு வடிவில் பிறப்பன என்று அவர் சொல்லவில்லை. எல்லாக் குழந்தைகளிடத்தும் இரு தன்மைகளும் கலந்தே இருக்கின்றன. குடும்பத்துக்குள் நிகழும் ஆசை, ஏமாற்றம், அச்சம் ஆகியவற்றால் ஒன்று மேலோங்குகிறது என்பது அவர் கொள்கை. பெண்மையைப்பற்றித் தாம் சொல்லியது பூர்த்தியாகாதது என்பதையும் 1933-ல் வெளியான சொற்பொழிவில் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் வகுத்த அளவுகோல் ஆணின் அளவுகோல். அதை முதலில் எடுத்துக்காட்டியவர் ஒரு ஸ்திரீ.

ஹார்னி தொடுத்த வினா

காரென் ஹார்னி 1885-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தை அடுத்த ஊரில் பிறந்தவர். பெர்லினில் வைத்தியத் தொழில் நடத்தியவர். பிராய்டின் முறையிலேயே பயிற்சி பெற்றவர். 1922-ல் பெர்லினில் கூடிய சர்வதேச மகாநாட்டில், பிராய்டே தலைமை வகித்த சபையில், பெண்ணின் பொறாமையைப்பற்றிய தம் மாறுபட்ட ஆராய்ச்சியை வாசித்தார். 1926-ல் எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். சிறுவன் ஒருவன் சிறுமியரைப்பற்றி என்னென்ன நினைக்கிறானோ அவற்றை ஒரு வரிசையாகவும், பெண்ணின் மனத்தைப்பற்றிச் சாஸ்திரம் சொல்பவற்றை மற்றொரு வரிசையாகவும் எதிரெதிரே எழுதிக் காட்டினார். இரண்டும் அநேகமாக ஒன்றே! சாஸ்திரத்தைச் செய்தவர்கள் ஆண்கள். அவர்கள் சிறுவயதில் கொண்ட அபிப்பிராயமே சாஸ்திரத்தின் உடை தரித்து வந்து நிற்கிறது என்பது அவர் சுட்டிய உண்மை.

பெண் குழந்தை பொறாமை கொள்வதுண்டு என்பதை ஹார்னி மறுக்கவில்லை. ஆயினும் அப்பொறாமை நீடித்து வேரூன்றுவதற்கு, ஆணுக்குச் சமூகம் வழங்கியிருக்கும் சுதந்திரமும் மதிப்புமே பெருங்காரணம் என்றார். கருவுறுதல், பிள்ளை பெறுதல், பாலூட்டுதல் ஆகிய சக்திகளைக் கண்டு ஆண்கள் உள்ளூறக் கொள்ளும் பொறாமையைப்பற்றிச் சாஸ்திரம் ஏன் வாய் திறக்கவில்லை என்றும் கேட்டார். 1932-ல் அமெரிக்கா சென்றார். 1939-ல் பிராய்டின் சித்தாந்தங்களைப் பகிரங்கமாகக் கண்டித்து நூல் எழுதினார். அதன் பலன், 1941-ல் நியூயார்க் சங்கத்தார் மாணவர்களுக்குப் பயிற்சியளிக்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்தனர். ஹார்னி தளரவில்லை. சங்கத்தைத் துறந்து, புதிய சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார்.

ஹார்னி கூறிய உண்மையைப் புரிந்துகொள்ள இந்தியருக்கு அதிக விளக்கம் வேண்டுவதில்லை. ஆளுவோர் ஆளப்படுவோரின் சுபாவத்தைப்பற்றிச் சாஸ்திரம் எழுதினால் அது எவ்வாறு இருக்கும் என்பதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். 1841-ல் வாரன் ஹேஸ்டிங்ஸைப்பற்றி எழுதிய கட்டுரையில் மெக்காலே, வங்காளிகளைப் பெண்தன்மை வாய்ந்த பலவீனர்கள் என்று வர்ணித்தார். பின்னர் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும்போது, வீர ஜாதியார் என்றும் வீரமற்ற ஜாதியார் என்றும் நம்மவரைப் பிரித்தார்கள். பெண்ணைத் தாழ்வின் சின்னமாக வைத்து, அச்சின்னத்தை ஒரு ஜனசமூகத்தின் நெற்றியில் ஒட்டினார்கள். அதைக் கேட்டுக் கொதித்த நாம், நாங்கள் பெண்களல்லோம் என்று மறுத்தோமே யொழிய, பெண் என்பது ஏன் வசைச்சொல் ஆகவேண்டும் என்று கேட்டவர் நம்முள் மிகச் சிலரே.

கல்கத்தாவிலிருந்து ஒரு கடிதம்

அதே வங்காளத்திலிருந்து பிராய்டுக்கு ஒரு மறுமொழி சென்றது. கல்கத்தாவில் 1922-ல் மனப்பகுப்புச் சங்கத்தை நிறுவிய டாக்டர் கிரீந்திரசேகர போஸ், பிராய்டுடன் பல வருஷங்கள் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். தம்மிடம் சிகிச்சைக்கு வந்த இந்திய ஆடவரிடம், உறுப்பை இழந்துவிடுவோம் என்ற பயம் ஐரோப்பியரிடம் காண்பதுபோல் அவ்வளவு கடுமையாக இல்லை என்றும், பெண்ணாக வேண்டும் என்ற மறைவான ஆசை அவர்களிடம் எளிதில் வெளிப்படுகிறது என்றும் 1929-ல் அவர் எழுதினார். இவ்வேற்றுமை கவனத்துக்குரியது என்று பிராய்டு மரியாதையுடன் பதில் விடுத்தார். எனினும் தம் சித்தாந்தத்தைத் திருத்தினாரில்லை. 1931-ல் பிராய்டின் 75-ம் பிறந்த நாளுக்குக் கல்கத்தா சங்கத்தார் தந்தத்தால் செய்த விஷ்ணு விக்கிரகம் ஒன்றை அனுப்பினர். பிராய்டு அதைத் தம் மேஜைமீது வைத்துக்கொண்டார். விக்கிரகத்துக்குக் கிடைத்த இடம் போஸின் வாதத்துக்குக் கிடைக்கவில்லை.

வியன்னாவின் நடுத்தரக் குடும்பத்தில் கண்டதை உலகத்துக் குழந்தைகள் யாவருக்கும் உரிய விதியாக்குதல் தகாது என்பதே போஸின் கடிதத்திலிருந்து நாம் பெறும் பாடம்.

தாய் மட்டுமே வளர்ப்பதால்

1949-ல் பிரெஞ்சு அறிஞர் சிமோன் த பூவா வெளியிட்ட பெருநூல், பெண்மை என்பது வளர்ப்பினால் ஆக்கப்படுவது என்று குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்கி விவரித்தது. 1970-ல் அமெரிக்காவில் கேட் மில்லெட், பெண்ணடிமைக்குச் சாஸ்திரத்தின் முத்திரை இட்டவர் பிராய்டு என்று சாடினார். 1974-ல் ஜூலியட் மிட்சல் எதிர்வாதம் செய்தார். பிராய்டு தந்தைவழிச் சமூகத்தை ஆதரிக்கவில்லை. அது மனத்துக்குள் எவ்வாறு புகுகிறது என்று விளக்கினார். நோயை விளக்கிய வைத்தியரை நோய்க்குக் காரணர் என்று ஏசலாமா என்பது அவர் கட்சி.

இவ்விரு கட்சிகளையும் கடந்து, பிரச்னையின் வேரைத் தொட்டவர் அமெரிக்கச் சமூக சாஸ்திரி நான்சி சோடரோ. 1978-ல் வெளிவந்த அவருடைய நூல், யாவரும் தினந்தோறும் காண்கிற ஒன்றை எடுத்துக்கொண்டது. குழந்தைகளை வளர்ப்பவர்கள் அநேகமாகப் பெண்களே. இதன் விளைவு யாது? பெண் குழந்தை தன்னை வளர்ப்பவளைப் போன்றே தானும் ஆகப்போகிறவள். ஆகவே அவள் தாயினின்றும் முற்றும் பிரிய வேண்டியதில்லை. பிறர் நெஞ்சறிந்து நடப்பதும் உறவைப் பேணுவதும் அவளுக்கு இயல்பாகிவிடுகின்றன. ஆண் குழந்தையோ, தான் முதன்முதல் அன்பு வைத்தவளைப் போல் தான் இருக்கலாகாது என்று அறிகிறான். தந்தை வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறவர். அவரைக் கூடவே இருந்து காணும் வாய்ப்பு அவனுக்கில்லை. ஆதலின் ஆண்மை என்பதைப் பெண்மையின் மறுப்பாகவே கற்றுக்கொள்கிறான். அழுகை பெண்ணுடையது, ஆகவே தள்ளு. இரக்கம் பெண்ணுடையது, ஆகவே மறை. அடுப்பங்கரை பெண்ணுடையது, ஆகவே இகழ். இவ்வாறு பெண்ணை இகழ்வது ஆண்மையின் அஸ்திவாரத்திலேயே சேர்ந்துவிடுகிறது. பின்னர் அவன் தந்தையாகிறான். குழந்தை வளர்ப்பைப் பெண்ணிடமே விடுகிறான். சக்கரம் மறுபடி சுழல்கிறது.

இச்சித்தாந்தத்துக்கும் மறுப்புகள் உண்டு. எலிசபெத் ஸ்பெல்மன் 1988-ல், வர்க்கமும் நிறமும் கவனிக்கப்படவில்லை என்று குறை கூறினார். பாட்டி, அத்தை, சித்தி, அக்காள் என்று பல மடிகளில் குழந்தை வளரும் கூட்டுக் குடும்பத்துக்கு, தனி வீட்டில் ஒரே தாய் என்ற கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அங்கும் அந்த மடிகள் பெண்களின் மடிகளே என்பதை மறக்கலாகாது. உடலமைப்புக்கும் அதில் ஊறும் ரசங்களுக்கும் பங்கே இல்லை என்று யாரும் ஸ்தாபிக்கவும் இல்லை. அந்தப் பங்கின்மேல் பெரியோர் எவ்வளவு ஏற்றிவைக்கிறார்கள் என்பதே கேள்வி.

பார்ப்பவரின் கண்

1976-ல் அமெரிக்காவில் காண்ட்ரி தம்பதிகள் பிரசுரித்த ஒரு பரீட்சையைப் பாருங்கள். ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் சலனப்படத்தை இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்குக் காட்டினர். சிலரிடம் அது ஆண் என்றும், சிலரிடம் பெண் என்றும் கூறினர். படத்தில், பெட்டியைத் திறந்ததும் துள்ளி எழும் பொம்மையைக் கண்டு குழந்தை கலங்குகிறது. ஆண் என்று நம்பியவர்கள் அக்கலக்கத்தைக் கோபம் என்றே பெரிதும் கொண்டார்கள்; பெண் என்று நம்பியவர்கள் பயம் என்றார்கள். குழந்தை ஒன்றே, அழுகை ஒன்றே. பார்த்த கண்கள்தாம் வேறு.

குழந்தைகளும் இக்கண்ணை விரைவில் பெற்றுவிடுகிறார்கள். இரண்டு மூன்று வயதுக்குள் தாம் ஆணா பெண்ணா என்று சொல்லத் தெரிந்துகொள்கிறார்கள். அதன் பின்னர், எது எவருக்கு உரியது என்று உலகத்தை இரண்டாகப் பங்கிட்டு, அப்பங்கீட்டின் வழியே எல்லாவற்றையும் காண்கிறார்கள் என்று ஸாண்ட்ரா பெம் 1981-ல் விளக்கினார்.

நம் கடமை

மேற்கூறிய அறிஞர்கள் எவ்வளவு மாறுபட்டாலும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். சமத்துவம் சட்டப்புத்தகத்தில் ஏறுவதற்கு வெகு முன்னரே, அதற்குச் சாதகமாகவோ பாதகமாகவோ குழந்தையின் மனம் வீட்டில் உருவாகிவிடுகிறது. ஆகவே தொட்டிலருகில் யார் இருக்கிறார் என்பது அரசியல் பிரச்னையே.

ஸ்வீடன் தேசத்தார் இதை 1974-லேயே உணர்ந்து, குழந்தை பிறந்தபின் கிடைக்கும் சம்பள விடுமுறையைத் தாய் தந்தை இருவருக்கும் பொதுவாக்கினர். தந்தையர் அதை அதிகம் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அதனால் 1995-ல், ஒரு மாத விடுமுறை இருவரில் ஒவ்வொருவருக்கும் தனியே ஒதுக்கப்பட்டு, எடுக்காவிட்டால் வீணாகும் என்று விதி செய்யப்பட்டது. ஒரு மாதம் இப்பொழுது 90 நாளாகியிருக்கிறது. நம் நாட்டில் 2017-ம் வருஷச் சட்டத் திருத்தத்தால் தாயின் விடுமுறை 26 வாரமாக உயர்ந்தது, வரவேற்கத்தக்கதே. ஆனால் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தரான தந்தைக்கு உள்ள விடுமுறை 15 நாள். குழந்தையை வளர்ப்பது யாருடைய வேலை என்று சர்க்காரே இலக்கமிட்டுச் சொல்லிவிட்டது போலன்றோ இருக்கிறது! 2019-ல் தேசமெங்கும் எடுத்த கணக்கின்படி, வீட்டிலுள்ளோரைப் பராமரிக்கும் வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 27.6, ஆண்கள் 14 மட்டுமே.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. மேடையேறிச் சமத்துவம் பேசும் தொண்டர், வீட்டுக்கு வந்து தம் குழந்தையைக் குளிப்பாட்டிச் சோறூட்டி உறங்கச் செய்வாராயின், அவர் மகன் இரக்கத்தை ஆண்மையினின்றும் பிரிக்காமல் கற்பான். அவர் மகள் தன் வேலையைத் தாழ்ந்ததென்று எண்ணாமல் வளர்வாள். இதற்குச் செலவில்லை, சிறைவாசமில்லை. அவ்விரண்டுக்கும் அஞ்சாத நம்மவர் இதற்கு அஞ்சுவது ஏன்?