ஆனையிறவில் நின்றுபோன குளிர்

2023 சித்திரை மாதம். தெல்லிப்பழை வைத்தியசாலையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய அம்மா ஒருவரையும் அவருடைய மகளையும் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கணவரை 2009 இல் இழந்த பின், சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, கடன்பட்டு வாங்கிய வான் என்னுடையது. 1996 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. ‘டொல்பின்’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ஆனையிறவுக்குக் கிட்ட வந்தபோது ஏசிக் காற்று திடீரென்று சூடாகிவிட்டது. மத்தியான வெயில். இரண்டு பக்கமும் வெட்டவெளி, ஒதுங்க ஒரு மரமில்லை.

“பிள்ளை, எனக்கு மூச்சு முட்டுது” என்றார் அம்மா.

எனக்குக் கை நடுங்கியது. எஞ்சினின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். நடுவில்தான் நின்றது. அப்படியென்றால் வான் ஓடும். ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் திறந்தேன். இந்த வானில் எஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே இருப்பதால் வெக்கை மேலே அடிக்கும். எனவே முன்னால் இருந்த அம்மாவை நடு ஆசனத்துக்கு மாற்றி, துவாயை நனைத்துக் கழுத்தில் போட்டோம். வெயிலில் நிற்பதைவிட ஓடினால் காற்றாவது வரும். பரந்தனில் நிழல் கண்டுதான் நிறுத்தினேன். வீடு சேர்ந்ததும் கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். மகள் வாங்கவில்லை. ஆனால் முகம் சரியில்லை.

மறுநாள் கராஜில் இருந்த தம்பி, “காஸ் முடிஞ்சுது அக்கா, அடிச்சால் சரி” என்றார். இரண்டு ஓட்டத்துக் காசு அதற்குப் போனது. மூன்று கிழமையில் மறுபடியும் சூடு! அந்த அம்மாவின் அடுத்த முறைக்கு அவர்கள் வேறு வானில் போனார்கள். தவணைக் காசு கட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் ஓட்டம் கைமாறுவது சின்ன விடயமல்ல.

பிறகு வயதான பாஸ் ஒருவரிடம் போனேன்.

“டீசல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்லைப் பிள்ளை இது. மூடின குழாய்க்குள்ள சுத்திக்கொண்டே இருக்கும். குறைஞ்சால் எங்கையோ ஒழுகுது” என்றார்.

ஒரு குழாய் மூட்டை விரலால் தடவிக் காட்டினார். எண்ணெய்ப் பசையோடு புழுதி ஒட்டியிருந்தது. கொம்பிறசர் எண்ணெய் காஸோடு சேர்ந்தே ஓடுமாம். அதனால் காஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். காஸ் குறைந்ததும் கொம்பிறசர் கெடாதிருக்க ஒரு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். ஏசியைப் போட்டதும் கேட்கும் அந்த ‘டிக்’ சத்தம் வராமல் போனதற்குக் காரணம் அதுதான். பழைய றப்பர்க் குழாய்களில் வருடக்கணக்கில் கொஞ்சம் கசிவது உண்டு. ஆனால் மூன்று கிழமையில் வெறுமையாகாது.

காய்ந்துபோன சின்ன றப்பர் வளையம் ஒன்றை மாற்றி, குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பினால் இழுத்தெடுத்து, மீண்டும் காஸ் அடித்தார். வளையத்தின் விலையைச் சொல்ல எனக்கே வெட்கம். காஸ் அடிக்கக் காசு கொடுக்குமுன் “எங்கே ஒழுகினது, காட்டுங்கோ” என்று முதல் கராஜிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். பெண் என்று சிரித்திருப்பார்கள். சிரித்தால் என்ன?

வைகாசிக் கடைசியில் அந்த மகள் தொலைபேசி எடுத்தார். “அக்கா, ஏசி வேலை செய்யுதோ?”

“வந்து பாருங்கோ” என்றேன். அந்த முறை போகவர இரண்டு வழியும் குளிராகத்தான் இருந்தது. அம்மாதான் ஆனையிறவு வந்ததும் கண்ணாடியைத் திறக்கச் சொன்னார். காற்று வேண்டுமாம்.