இங்கே ஏன் வாழ்கிறது?

சிங்கம் குகையிலும், பென்குவின் பனிப் பிரதேசத்திலும் வசிக்கும் என்று ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் நான்காம் வகுப்புக் குழந்தை, தன் ஊர் ஏரியில் காலை வேளையில் வந்து நிற்கும் பறவை எது, அது அங்கே எதைத் தேடுகிறது என்பதை அறியாமலிருக்குமானால், வாழிடம் பற்றிய பாடம் அக்குழந்தைக்கு இன்னும் ஆரம்பமாகவே இல்லை என்றுதான் நான் கருதுகிறேன்.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1991-இல் ஆணையிட்டது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டமும், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையில் விஞ்ஞானத்தையும் சமூகத்தையும் பிரிக்காமல் சூழ்நிலைப் பாடமாகவே போதிக்கச் சொல்லிற்று. செடிகொடிகளையும் ஜீவராசிகளையும் கண்ணாரக் கண்டு, ஒப்பிட்டு, இன்னின்ன காரணத்தால் இது இங்கே வாழ்கிறது என்று தானே சொல்லும் சக்தியைப் பிள்ளைக்கு உண்டாக்குவதே இதன் சாரம். இவற்றுள் காரணம் சொல்வதுதான் கடினம். விசேஷமும் அதில்தான் இருக்கிறது.

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரியில், மாதக்கணக்கில் அடிமரம் நீரில் மூழ்கியிருந்தும் அழுகாத நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்திருப்பதால் பூனையும் கீரியும் எளிதில் அணுக முடியாத அக்கிளைகளில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்ந்து பயிருக்கு உரமாகிறது. இந்தப் பிரயோஜனத்தைக் கண்டுணர்ந்த கிராமத்தார், பறவைகளைச் சுட்ட சிப்பாய்களின்மேல் முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கலெக்டராயிருந்த லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமை பெற்றார்கள். மரம், நீர், பறவை, பயிர், மனிதன் என்னும் ஐந்தும் ஒன்றையொன்று பற்றி நிற்பதை ஒரு கரைமேல் நின்றே பிள்ளை பார்த்துவிடலாம்.

அங்கு வரும் நத்தைகுத்தி நாரையின் அலகைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையை ஓட்டிலிருந்து வெளியே இழுக்கும் தொழிலுக்கு இசைந்த அலகு அது. குஞ்சுக்கு அவ்விடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. இனி, நத்தை எங்கே இருக்கும் என்று கேட்டால், ஆழமற்ற நன்னீர்ச் சேறு என்று பிள்ளையின் விடை ஏரியின் அடிவரையில் இறங்கிவிடும். அலகைப் படித்தவன் ஏரியையும் படித்தவனாகிறான்.

வாழிடம் என்பது இடம் மட்டுமன்று, காலமும் அதில் அடங்கும் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும்போது கூடு கட்டும் கூட்டம், கோடையில் நீர் வற்றியதும் இடம் பெயர்கிறது. பெயர முடியாத நத்தையோ, தன் ஓட்டின் வாயைக் கதவுபோன்ற மூடியால் அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் உறங்குகிறது. விரால் மீனும் நீர்ப்பரப்பின்மேல் வந்து காற்றையே சுவாசிக்க வல்லதாதலால், மற்ற மீன்கள் மூச்சுத் திணறும் கலங்கல் குட்டையிலும் உயிர் தரிக்கிறது. ஆகவே ஒரே ஏரியைத் தை மாதத்திலும் சித்திரையிலும் காட்டாத ஆசிரியர், பாதிப் பாடத்தையே நடத்தினவராகிறார்.

ஏரியில்லாத நகரத்துப் பிள்ளைக்கு என்ன செய்வது என்ற ஆட்சேபம் எழுவது இயல்பு. பாதையோரத்து எருக்கஞ்செடி போதும். வெள்ளாடும் தீண்டத் தயங்கும் அந்த நச்சுப்பாலுள்ள இலையையே தின்று வளரும் ஒரு பட்டாம்பூச்சிப் புழு, அந்த நஞ்சையே தன் உடம்பில் சேமித்து, பறவைகள் தன்னை உண்ணாதபடி காத்துக்கொள்கிறது. அந்தச் செடியைச் சுத்தம் என்ற பெயரில் வெட்டியெறிந்தால் அங்கே அப்புழுவுக்கு உணவில்லை, பட்டாம்பூச்சியும் இல்லை.

மூன்றாம் வகுப்பில் பெயரும் உருவமும், நான்காம் வகுப்பில் உடலமைப்புக்கும் இடத்துக்கும் உள்ள பொருத்தமும், ஐந்தாம் வகுப்பில் இடம் மாறினால் விளையும் மாறுதலும் என்று படிப்படியாகச் செல்வது பொருத்தமாயிருக்கும். ஏரிக்குள் சீமைக்கருவேலம் அடர்ந்தாலோ, தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடினாலோ எவ்வுயிர் முதலில் விலகும், எது தங்கும், ஏன் என்று வினாத்தாளில் கேட்கலாம். ஒரே விடையை எதிர்பார்த்து மதிப்பெண் போடாமல், பிள்ளை தான் கண்டதைக் காரணமாகக் காட்டுகிறதா என்பதை மட்டும் பார்த்துத் திருத்தும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். அவரை மேற்பார்வையிடும் அதிகாரிகளும் அதற்கு இடங்கொடுக்க வேண்டும்.