குடாவுக்கு அக்கரையில் ஒரு விடுமுறை

திருகோணமலையில் விடுமுறை என்றால் நிலாவெளி, உப்புவெளி, புறாத்தீவு என்றே பேச்சு போகும். துறைமுகத்துக்கு அக்கரையில், கொட்டியாரக் குடாவைச் சுற்றிக் கிண்ணியா, மூதூர், சம்பூர் என்று பழைய ஊர்கள் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் குறைவு.

ஒரு காரணம் வழி. ஏ15 வீதியில் கிண்ணியா, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு துறையிலும் ‘பாதை’ வரும்வரை வாகனங்கள் வரிசையில் நிற்கும். 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு பயணம் இலகுவாகிவிட்டது.

மூதூர்ப் பக்கம் ஒரு குடும்பத்தின் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். காலையில் வயல் வரம்பில் நடை, பிறகு சந்தை, மத்தியானம் மீன்குழம்பு, கடைசியில் சட்டியில் உறைந்த எருமைத் தயிர். (தயிருக்காக மட்டுமே கிண்ணியாவில் இறங்கலாம்.) 1660இல் ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது இந்தக் கரையில்தான். தப்பிப் போக அவருக்கு 19 ஆண்டுகள் ஆயின. அவர்களைப் பிடித்த இடம் என்று மூதூரில் ஒரு புளியமரத்தைக் காட்டுவார்கள்.

இன்னொரு காரணம் போர். சம்பூரின் அமைதி எனக்கு முதலில் இதமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே சில வளவுகள் வெறுமையாய்க் கிடப்பது இயற்கையால் அல்ல. 2006 ஏப்ரல் குண்டுவீச்சில் சனங்கள் ஓடினார்கள். அவர்கள் முகாம்களில் இருக்கும்போதே காணிகள் அனல்மின் நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் ஒதுக்கப்பட்டன. 2015இல் 818 ஏக்கரை விடுவிக்க உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டு அனல்மின் திட்டமும் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் இதே சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின்நிலைய வேலை தொடங்கிவைக்கப்பட்டது.

ஆகவே, ‘ஆளில்லாத அழகிய கரை’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நான் சந்தேகப்படுவேன். அந்தக் கரைக்கு ஆட்கள் உண்டு. கரைவலைத் துறைகளும் மேய்ச்சல் தரைகளும் உண்டு. சுற்றுலா இங்கே வளரட்டும், ஆனால் காணி உறுதி வைத்திருப்பவர் வீட்டு முன்னறையிலிருந்து வளரட்டும். புதிய விடுதி என்றால், காணி யாருடையது என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். போவதற்கு மாசி, பங்குனி நல்லது. மழை ஓய்ந்திருக்கும், கச்சான் காற்று இன்னும் தொடங்கியிருக்காது.