பனித்தரையில் நடை பழகும் வீரர்கள்

கனடா நாட்டு மக்கள் பெரிதும் போற்றும் விளையாட்டு பனித்தரை ஹொக்கியாகும். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட உறைபனித் தளத்திலே, எஃகு அலகு பூட்டிய சப்பாத்துக்களை அணிந்த வீரர்கள் றப்பர் வட்டொன்றைத் துரத்திக் காற்றெனப் பாய்வர். கையிலுள்ள மட்டையே வெற்றி தருவதென்று பார்ப்போர் எண்ணுவர். ஆயின், உரிய இடத்துக்கு உரிய வேளையிற் கால் கொண்டு சேர்க்காவிடின் மட்டையால் ஆவதொன்றில்லை. ஆகவேதான், சிறு பராயம் முதல் சறுக்கிப் பழகிய வீரர்களுக்கும் சறுக்கல் கற்பிக்கத் தனி ஆசிரியர்கள் வேண்டியிருக்கின்றனர்.

தரையில் ஓடுபவன் காலைப் பின்னோக்கி உதைத்து முன்னேறுகிறான். பனியில் இது பலிக்காது. அலகு தான் நோக்கிய திசையில் வழுக்கிவிடும். எனவே, பாதத்தை வெளிப்புறம் திருப்பிப் பக்கவாட்டில் தள்ளுதல் வேண்டும். அலகின் அடியில் நெடுக ஓடும் பள்ளத்தினால் உள், வெளி என இரு விளிம்புகள் அமைகின்றன. உள்விளிம்பு பனியைக் கவ்வினாலன்றித் தள்ளும் விசை வீணே.

ஆசிரியர் முதலில் நோக்குவது முழங்காலை. அது நன்கு மடங்கினாற்றான் தள்ளுதல் நீளும். இடுப்பை வளைத்துக் குனிந்துவிட்டு முழங்காலை மடித்ததாக நினைப்பது பலரிடமுள்ள குறையாகும். தள்ளிய கால் முற்றாக நீண்டபின் உடலின் அடிக்கே திரும்புதல் வேண்டும். குறுகிய அடிகளைப் படபடவென்று வைப்பவன் விரைபவன் போலத் தோன்றினும், முழுமையாகத் தள்ளுபவன் அவனை எளிதிற் கடந்துவிடுவான்.

இக்கலையைக் கற்பித்தோருள் முன்னோடி, கலைச்சறுக்கல் பயின்ற லோரா ஸ்டாம் என்னும் அமெரிக்க மாது. தொழில்முறை ஹொக்கி ஆண்களின் உலகாகவே இருந்த 1970களில் அவர் அங்கே ஆசிரியையானார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணியின் பொப் நைஸ்ட்ரம். 1972இல் அவ்வணி தெரிவுசெய்த அவரிடம் வலிமையும் துணிவும் மிகுந்திருந்தன, சறுக்கலே குறையாயிருந்தது. 1980ஆம் ஆண்டு மே மாதம் 24ந் திகதி, ஸ்டான்லி கிண்ண இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், ஐலண்டர்ஸும் பிலடெல்பியா அணியும் நான்கு கோல்களுடன் சமநிலையில் நின்றன. மேலதிக நேரத்தின் எட்டாம் நிமிடத்திலே நைஸ்ட்ரம் கோலை நோக்கி விரைந்து, தோழர் அனுப்பிய வட்டை உள்ளே செலுத்தினார். ஐலண்டர்ஸ் வென்ற முதற் கிண்ணம் அதுவே.

1984இல் போல் மார்ட்டினியுடன் உலக சோடிச் சறுக்கற் பட்டம் வென்ற பார்பரா அண்டர்ஹில்லும் பின்னாளில் ரொறொன்ரோ, நியூயோர்க் முதலிய நகரங்களின் அணிகளுக்குச் சறுக்கல் கற்பித்தார். 2016இல் அரிசோனா அணி டோன் பிரெய்டை நியமித்தபோது, தேசிய ஹொக்கி லீக்கில் முழுநேரப் பயிற்சியாளரான முதற் பெண்மணி என்னும் பெருமை அவருக்குக் கிட்டியது.

பழகிய பிழையைத் திருத்துவது புதிதாய்க் கற்பதினும் கடினம். அதனால் ஆசிரியர்கள் மட்டையையும் வட்டையும் விலக்கி, வேகத்தைத் தணித்து, ஒற்றைக் காலில் வழுக்கப் பழக்குவர். பெயர்பெற்ற வீரனும் அவ்வேளை மழலைபோற் தள்ளாடுவான். அத்தள்ளாட்டத்துக்கு நாணாதவனே முன்னேறுகின்றான். ஏடு பயிலும் மாணவர்க்கும் இது பொருந்துமன்றோ?