43 ஆண்டு அமைதி, 37 நாளில் உலகப்போர்: 1914-ல் என்னதான் நடந்தது?

கொடைக்கானல் போனா ஏரி, கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக்ஸ் எல்லாம் பார்ப்போம். 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகத்துக்குள் எத்தனை பேர் போயிருக்கோம்? சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான். அப்போது சூரிய ஆய்வு என்பது பல நாட்டவர் சேர்ந்து செய்த வேலை. 1913-ல் இதற்கான சர்வதேச மாநாடு ஜெர்மனியின் பான் நகரில் நடந்தது.

அடுத்த வருஷமே எல்லாம் தலைகீழ். 1914 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்தில் ஐன்ஸ்டைனின் கணிப்பைச் சோதிக்க, ஜெர்மன் விஞ்ஞானி ஃப்ராய்ண்ட்லிக் ரஷ்யாவின் கிரிமியாவுக்குப் போனார். ஆகஸ்ட் 1-ல் ரஷ்யா மீது ஜெர்மனி போர் அறிவித்தது. எதிரி நாட்டவர் என்று அவரைப் பிடித்து, கருவிகளையும் பறித்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும், சரஜேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஜூன் 28-ல் கொல்லப்பட்ட பிறகுதான் அவர் பெர்லினை விட்டே கிளம்பினார். போர் வரும்னு தோணலையா? பலருக்கும் தோணல. காரணம் இருக்கு. 1871-க்குப் பிறகு மேற்கு ஐரோப்பிய வல்லரசுகள் ஒன்றோடொன்று மோதவே இல்லை. மொராக்கோ தகராறு, போஸ்னியா தகராறு, பால்கன் போர்கள் என்று ஒவ்வொரு முறையும் விளிம்பு வரை போய்த் திரும்பினார்கள். பிரிட்டன் மன்னரும் ஜெர்மன் பேரரசரும் விக்டோரியா ராணியின் பேரன்கள் வேற!

என் கணக்கில், ஆபத்தே அந்தத் தப்பித்தல்களில்தான் இருந்தது. 'கடைசி நேரத்தில் எதிராளி இறங்கி வருவான்' என்று எல்லோருமே நம்பினார்கள். ஆனால் போஸ்னியா விஷயத்தில் பணிந்துபோன ரஷ்யா, இன்னொரு முறை பணியத் தயாராக இல்லை.

மீதியை ராணுவ கால அட்டவணை பார்த்துக்கொண்டது. ரஷ்யா படை திரட்டி முடிப்பதற்குள் பிரான்ஸை வீழ்த்தணும் என்பது ஜெர்மனியின் திட்டம். அதனால் ஜூலை 30-ல் ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டதுமே பேச நேரமில்லாமல் போனது. பிரான்ஸுக்குப் போற வழியில் பெல்ஜியம். அதில் நுழைந்ததும் ஆகஸ்ட் 4-ல் பிரிட்டனும் இறங்கியது. இந்தியாவை யாரும் கேட்கவே இல்லை, நாமும் உள்ளே.

ஏழே வாரத்தில், செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. 'அவன் சரியான எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன்தான்.

போர் முடிந்து 1919-ல் புதிய சர்வதேச அறிவியல் அமைப்பு உருவானபோது ஜெர்மனியைச் சேர்க்கவில்லை. போர்க்காலத்திலும் தினசரி சூரியனைப் படம்பிடித்த கொடைக்கானலில், எவர்ஷெட் ஐன்ஸ்டைனின் இன்னொரு கணிப்பை சூரிய ஒளியில் அளந்துகொண்டிருந்தார்.