எண்ணெய் பாட்டிலில் பதுங்கும் எமன்! இத்தாலி தொடுகறி செய்வோர் உஷார்

சுந்தரபாண்டியம்:

பூண்டை உரித்து பாட்டிலில் போட்டு, எண்ணெய் ஊற்றி, அலமாரியில் வைத்தால் ஆச்சு. பார்க்க அழகு. வாசனை ஊரையே தூக்கும். ஆனால் அதே பாட்டில் ஆளையும் தூக்கிவிடும்!

இத்தாலிக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கும் தட்டுக்கு 'ஆன்டிபாஸ்டோ' என்று பெயர். 'பாஸ்டோ' என்றால் சாப்பாடு. 'ஆன்டி' என்றால் முன்னால். ஆலிவ் காய், பாலாடைக்கட்டி, உப்பிட்ட இறைச்சி, சுட்ட கத்தரிக்காய், குடமிளகாய் எல்லாம் அதில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். நம்ம இலையில் சோறு விழுமுன் வைக்கும் ஊறுகாய், பச்சடி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

செல்போனில் பார்த்துவிட்டு வீட்டிலேயே செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். கத்தரிக்காயும் குடமிளகாயும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் கிடைக்காத சரக்கா என்ன? எண்ணெயில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் வெளியே வைப்பதில்தான் வினை இருக்கிறது.

குற்றவாளி யார்?

பெயர் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம். மண்ணில் குடியிருக்கும் கிருமி. மண்ணுக்குள் விளையும் பூண்டோடு இதன் வித்தும் ஒட்டிக்கொண்டு வரும்.

காற்று பட்டால் இந்த ஆசாமி வாலைச் சுருட்டிக்கொள்வான். எண்ணெயில் மூழ்கிவிட்டால் காற்று இல்லை. புளிப்பும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை என்றால் கேட்க வேண்டுமா? முளைத்து விஷத்தைக் கக்குவான். நிறம், வாசனை, ருசி எதுவும் மாறாமலே இருக்கலாம்!

36 பேர் படுக்கையில்

1985-ல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் ஓட்டலில் சாப்பிட்ட 36 பேர் இந்த விஷத்தில் சிக்கினார்கள். துப்பு துலக்கியதில் அகப்பட்டது, ஃபிரிட்ஜில் வைக்காமல் விட்ட எண்ணெய்ப் பூண்டு பாட்டில். 1989-ல் அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. எண்ணெய்ப் பூண்டில் புளிப்பு போன்ற தடுப்பு சேர்த்தே விற்க வேண்டும் என்று அங்கே அரசு உத்தரவு போட்டது.

நம்ம ஊறுகாய் தப்புவது எப்படி?

மாங்காயிலும் எலுமிச்சையிலும் புளிப்பு உண்டு. கூடவே கை நிறைய உப்பு. இரண்டும் சேர்ந்தால் கிருமி தலைதூக்காது. பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சைச் சாறோ விடுவது ருசிக்கு மட்டும் அல்ல, காவலுக்கும்தான்!

செய்யும் வழி

குடமிளகாய், கத்தரிக்காயை அடுப்புத் தணலில் சுட்டுத் தோலை உரியுங்கள். கீற்றாக நறுக்கி உப்பு, மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு, வினிகர் சேருங்கள். மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறவிடுங்கள். பக்கத்தில் பன்னீர் துண்டும் வெள்ளரிக்காயும் வைத்தால் தட்டு ரெடி.

அன்றைக்கே காலி செய்வது நல்லது. மீந்தால் ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் முடித்துவிடுங்கள். வினிகர் விட்டாச்சே என்று அலமாரியில் ஏற்ற வேண்டாம்.

குடிபோதை என்று நினைக்காதீங்க!

விஷம் ஏறினால் பார்வை இரட்டையாகும். இமை தொங்கும், நாக்கு குழறும், விழுங்க முடியாது. பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தெரியும். சில நாள் கழித்தும் வரலாம். பார்ப்பவர்கள் 'தண்ணி போட்டிருக்கான்' என்று ஒதுக்கிவிட்டால் ஆபத்து. அடுத்து மூச்சே நின்றுவிடும்.

உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விஷமுறிவு மருந்து உண்டு. சீக்கிரம் போட்டால்தான் பலன்.

வீட்டில் பழைய எண்ணெய்ப் பூண்டு பாட்டில் இருக்கிறதா? கெட்டுவிட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். அப்படியே கட்டிக் குப்பையில் போடுங்கள்!