வீசும் குண்டு: உங்களுக்கு எத்தனை கிலோ?

ஏலக்காய் ஏலம் போகும் ஊர் போடிநாயக்கனூர். அங்கே எடைக்கு மரியாதை அதிகம். ஒரு கிலோ குறைந்தாலும் வியாபாரி விடமாட்டார்.

அந்த ஊர் வாலிபர் ஒருவர் முதன்முதலாக ஜிம்முக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகள் வரிசையாக இருக்கின்றன. எதை எடுப்பார்? இருப்பதில் பெரியதைத்தான் எடுப்பார். பக்கத்தில் நண்பன் வேறு நிற்கிறானே!

மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழ முடியாது.

அந்தக் குண்டின் பெயர் கெட்டில்பெல். டீக் கெட்டிலின் மூக்கை வெட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும். அதை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். கால்களுக்கு நடுவே பின்னுக்கு வீசி, பிறகு மார்பு உயரம் வரை முன்னுக்கு வீச வேண்டும். இதற்கு 'ஸ்விங்' என்று பெயர். இடுப்புக்கும் தொடைக்கும் முதுகுக்கும் பலம் தரும் பயிற்சி. ஆண், பெண் இருபாலரும் செய்யலாம்.

சந்தையில் பிறந்த குண்டு

இது ரஷ்யாவிலிருந்து வந்தது. அங்கே இதை 'கிர்யா' என்பார்கள். சந்தையில் தானியம் நிறுக்க வைத்திருந்த படிக்கல்தான் அது! வேலை ஓய்ந்த நேரத்தில் பலசாலிகள் அதைத் தூக்கிப் போட்டி போட்டார்கள். 1885-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் கிராயெவ்ஸ்கி என்ற டாக்டர் பளு தூக்குவோர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சந்தைக் குண்டு பயிற்சிச் சாலைக்குள் வந்துவிட்டது.

நம் நாட்டில் மணங்கு இருந்ததுபோல், ரஷ்யாவில் 'பூட்' என்று ஓர் எடை இருந்தது. ஒரு பூட் 16 கிலோவுக்குச் சற்று அதிகம். சென்னை மணங்குக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை மணங்கு. இன்றைக்குக் கடைகளில் 16, 24, 32 கிலோ என்று குண்டுகள் விற்பதற்கு இந்தப் பூட் கணக்குத்தான் காரணம்.

நமக்கு இது புதிதா? இல்லை. நம்மிடம் கர்லாக்கட்டை இருக்கிறது. கட்டை சுழற்றுவது 1904-லும் 1932-லும் ஒலிம்பிக் போட்டியாகவே நடந்தது. இளவட்டக்கல்லும் இருக்கிறது. அதைத் தூக்கிய வாலிபனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று தென் மாவட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் சமயத்தில் இளவட்டக்கல் போட்டி நடக்கிறது. பெண்களும் தூக்குகிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். இளவட்டக்கல்லை ஒரு முறை தூக்கினால் போதும், கைதட்டல் கிடைக்கும். கட்டையையும் குண்டையும் பத்து, இருபது என்று வீச வேண்டும். அதனால்தான் கர்லா வாத்தியார் முதல் நாள் சின்னக் கட்டையைக் கொடுப்பார். ஜிம்முக்குப் போகும் வாலிபர்கள் இளவட்டக்கல் கணக்கை மறந்துவிட்டு, கர்லாக்கட்டைக் கணக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது.

கவண் சொல்லும் பாடம்

கவணில் சின்னக் கல்லை வைத்துச் சுற்றிப் பாருங்கள். கல் கையைப் பிடித்து இழுக்கும். கையில் சும்மா வைத்திருந்தபோது இல்லாத பாரம், சுற்றும்போது எங்கிருந்து வந்தது? வேகத்திலிருந்து வந்தது. குண்டும் அப்படித்தான். கீழே இறங்கி வரும்போது 16 கிலோ குண்டு 16 கிலோவாக இருக்காது. அதைவிடப் பல மடங்கு பலத்தோடு இழுக்கும்.

"நிறைந்த காஸ் சிலிண்டரையே நான் நகர்த்துவேன். 24 கிலோ எனக்குப் பெரிதா?" என்று கேட்பவர் உண்டு. நகர்த்துவது வேறு, வீசுவது வேறு.

சரி, எத்தனை கிலோ?

புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கு 8 கிலோ. உழைத்துப் பழகிய உடம்பானால் 12. ஆண்களுக்கு 12 கிலோ. நல்ல திடகாத்திரமானவருக்கு 16. வயதானவர்கள் இதிலும் குறைத்துக்கொள்ளலாம்.

வாங்குமுன் ஒரு பரீட்சை செய்யுங்கள். இரண்டு கைகளிலும் பாத்திரம் இருக்கும்போது கதவைப் பின்புறத்தால் தள்ளிச் சாத்துவோம் அல்லவா? அதேபோல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முழங்கால் கொஞ்சம்தான் மடங்க வேண்டும். முதுகு பலகைபோல் நேராக இருக்கட்டும். இந்த நிலையில் குண்டைத் தரையிலிருந்து பத்துமுறை தூக்கி வையுங்கள். முதுகு வளைந்தால் அந்தக் குண்டு உங்களுக்கு வேண்டாம். வளையவில்லையென்றால் பத்துமுறை வீசிப் பாருங்கள். பத்தாவது வீச்சும் முதல் வீச்சைப்போலவே இருந்தால், அதுதான் உங்கள் எடை.

மிகச் சின்னக் குண்டும் ஆகாது. 3 கிலோ குண்டைக் கையே தூக்கிவிடும். இடுப்புக்கு வேலை இருக்காது, தோள்தான் வலிக்கும்.

குனிந்து உழைப்பவர்கள்

போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், தரையை ஒட்டி வரும் சரத்தில் காய்க்கிறது. நாள் முழுவதும் குனிந்தே பறிக்க வேண்டும். முதுகு போனால் அன்றைய கூலியும் போச்சு.

இப்படி உழைப்பவர்களுக்கு இடுப்பின் பலம் மிகவும் தேவை. ஆனால் களைத்து வந்த அன்று மாலையே குண்டைத் தொடக் கூடாது. ஓய்வு நாளில் தொடங்கட்டும். முதுகு வலி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் வீசவே கூடாது.

எடையை எப்போது கூட்டுவது? இருபது வீச்சு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி இருபது வீச்சு. இப்படி ஐந்து தடவை வீசிய பிறகும் மூச்சு வாங்காமல் இரண்டு வார்த்தை பேச முடிகிறதா? அப்படியானால் 4 கிலோ கூட்டலாம். அதற்கு மேல் ஒரேயடியாகத் தாவ வேண்டாம்.

வாங்கும்போது கைப்பிடியைத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் உள்ளங்கை கிழியும். வீசும்போது எதிரே குழந்தைகள் நிற்கக் கூடாது. வியர்த்த கையிலிருந்து குண்டு நழுவிப் பறக்கும். மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் சமதரை தேடி வீசுங்கள். சரிவிலே கைநழுவிய குண்டு உங்கள் முற்றத்தோடு நிற்காது. கீழ்வீட்டுக் கூரைக்குப் போய்விடும்.